சாப்பிட்டேன் என்று சொன்ன குருக்கள்

வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நல்லது. இன்னும் கொஞ்ச நாளில் அது ஆணியில் தொங்கும். அதில் ஒன்றும் தப்பில்லை, கோட்டைப் பார்த்து யாருக்கும் காய்ச்சல் இறங்கியதில்லை. திருவண்ணாமலையில் கோயிலை ஒட்டிய இந்தக் கடையில் நின்றே காலம் தள்ளி, கால் நரம்பு சுருண்ட பிறகு ஓய்வு பெற்றவள் நான். புதிதாகச் சேர்ந்திருக்கும் மருந்தாளுநர்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி முதலாளி கேட்டார். நாலு வார்த்தையில் நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் கூப்பிட்டார் என்றால் அவர் பாடு, உங்கள் பாடு.

எந்த மருந்து எந்தக் கிருமியைக் கொல்லும் என்று நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். புத்தகத்தில் கிருமி இருக்கும், மருந்து இருக்கும், நடுவில் மனுஷன் இருக்க மாட்டான். இந்தக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்த நடுவில் இருக்கிறவர்கள்.

பௌர்ணமிக்கு முதல் நாள் வந்து நின்று பாருங்கள். "அக்கா, சளி புடிச்சிருக்கு. நாளைக்கு மலை சுத்தணும். அந்த செவப்பும் கறுப்புமா இருக்குமே, அதுல ரெண்டு கட் பண்ணிக் குடுங்க" என்பார் ஒருவர். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டால், "போன வருஷமே எழுதிக் குடுத்தாங்க, எங்க மாமாவுக்கு" என்பார். சளிக்குக் காரணமான வைரஸை ஆன்டிபயாடிக் தொடவே தொடாது என்று நீங்கள் விளக்க ஆரம்பிப்பீர்கள். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "சரிக்கா, அப்ப ஒண்ணு மட்டும் குடுங்க" என்பார்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைச் சுற்றி ரூம் எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள் வேறு ரகம். உடம்பு தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும், நாம் குறுக்கே நிற்கக் கூடாது என்று எனக்கு அரை நாள் பாடம் எடுத்தார் ஒருவர். மறுநாள் காலை வயிறு ஒரே ஒரு முறை கலங்கியதும், இருப்பதிலேயே பெரிய ஆன்டிபயாடிக் வேண்டும் என்று கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கொடுத்து, தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு உடம்பின் குறுக்கே நிற்காமல் படுங்கள் என்று அனுப்பினேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த விவசாயி ஒருவர் இருந்தார். காலில் சீழ்ப் புண்ணுக்குக் கொடுத்த மாத்திரையை, காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியைத் தன் ஆட்டுக்குக் கொடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "வீணாப் போவக் கூடாதுல்ல" என்றார். அவருக்குப் புண் மறுபடி சீழ் பிடித்தது. ஆட்டைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

இவர்களை நீங்கள் சமாளித்துவிடுவீர்கள். பொய் சொல்கிறவனையும், பாதியில் நிறுத்துகிறவனையும், பக்கத்து வீட்டுக்குப் பங்கு பிரிக்கிறவனையும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். என்னை நடுங்க வைத்தவர் உண்மையை மட்டுமே பேசுகிற ஒருவர். அவர் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

அவர் கோயில் குருக்கள். ஐம்பதைத் தாண்டியவர், ஒற்றை நாடி, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். பூஜைக்கான வில்வத்தை விலைக்கு வாங்க மாட்டார். மலையடிவாரத்தில் புதருக்குள் புகுந்து தானே பறித்து வருவார். ஐப்பசி மழை நின்று புதர் மண்டிக் கிடந்த நேரத்தில் அப்படிப் போய் வந்தவருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சல் கண்டது. கசாயம், விபூதி, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஏதோ மாத்திரை என்று எல்லா மரியாதையும் காய்ச்சலுக்குச் செய்து முடித்த பிறகு, எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் சின்ன நர்சிங் ஹோமுக்கு வந்தார்.

அதை நடத்தியவர் இளம் டாக்டர். கெட்டிக்காரர். அது அவருக்கும் தெரியும். வேட்டி முடிச்சுக்குக் கீழே மறைந்திருந்த கருகிய சின்ன வடுவைத் தேடிக் கண்டுபிடித்து, உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது அது. அசட்டையாக விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். சரியான மருந்து உள்ளே போனால் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். அந்த மருந்து டாக்சிசைக்ளின். அதைக் கேப்சூலாக எழுதினார். எங்கள் கடையில்தான் வாங்கினார்கள்.

இரண்டு நாள் ஆனது. காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் படுக்கையில் சேர்த்தார்கள். குருக்கள் வெளிச் சாப்பாடு தொட மாட்டார் என்பதால் அவருடைய மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம், எல்லாவற்றையும் வீட்டில் மடியாகச் செய்து தூக்குப் பாத்திரத்தில் கொண்டு வந்தார். மாத்திரையையும் அவரே கொடுப்பதாகச் சொன்னதால் நர்ஸுகள் கேப்சூலை மாமி கையில் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். டாக்டர் காலையும் மாலையும் தவறாமல் வந்து, "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். குருக்களும் தவறாமல், "சாப்பிட்டேன்" என்றார். ஆஸ்பத்திரி நன்றாகத்தான் நடந்தது. நோயாளிக்குத்தான் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

அது தீபத் திருவிழா நேரம். இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். தெருவில் ஒரு காலை எடுத்தால் திரும்ப வைக்க இடம் இருக்காது. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து எங்கள் தெருவில் வண்டி விட மாட்டோம் என்று போலீஸ் தடுப்பு கொண்டு வந்து அடுக்கிக்கொண்டிருந்தது. கடையில் தைலம், கால் வலி மாத்திரை, பேதி மாத்திரை என்று ஆளாளுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாமி வந்தார். கையில் புதுச் சீட்டு.

"வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டார் டாக்டர். ரோடு அடைக்கறதுக்குள்ள கிளம்பணுமாம். இதையெல்லாம் சீக்கிரம் எடுத்துக் குடுங்கோ. இந்தக் கேப்சூல் கேக்கலையாம், இது உண்ணிக் காய்ச்சலே இல்லைங்கறார். வேற மருந்து எழுதியிருக்கார்."

சீட்டைப் பார்த்தேன். புதிதாக எழுதியிருந்தது பெரிய மருந்துதான், விலையும் பெரிது. ஆனால் உண்ணிக் காய்ச்சலுக்கு அது வேலை செய்யாது. டாக்டரின் புது முடிவு சரியென்றால் மருந்தும் சரி. பழைய முடிவு சரியென்றால் இந்த மனுஷனைக் காப்பாற்றக்கூடிய ஒரே மருந்தை நிறுத்துகிறார்கள். அதோடு, கூடப் போகும் கடிதத்தில் "டாக்சிசைக்ளினுக்குக் கட்டுப்படவில்லை" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு வேலூரில் அந்த மருந்தை மறுபடி யோசிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது. அந்த நேரம் அவரிடம் இல்லை.

ஆனால் நான் யார்? கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள். சீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுத்தால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கை மருந்தை எடுக்கப் போய்விட்டது. அப்போது மாமி சொன்னார்.

"அப்படியே அந்த ரோஸ் கலர் வயித்தெரிச்சல் மருந்து ஒரு பாட்டில் போடுங்கோ. வீட்டுல இருந்தது தீர்ந்துபோச்சு."

"எப்பலேருந்து மாமி எரிச்சல்?"

"இந்தக் கேப்சூல் ஆரம்பிச்சதுலேருந்து. ஒவ்வொரு வேளையும் தொண்டையிலேயே எரியறதுங்கறார்."

கேப்சூல் தொண்டையில் சிக்கினால் எரியும். ஒரு தரம் சிக்கலாம். வேளை தவறாமல் சிக்காது.

"எப்படி மாமி சாப்பிடுறாரு?"

"ஒரு வேளை விடலைம்மா. நான்தானே குடுக்கறேன்."

"அது சரி. கேப்சூல் உங்க கைக்கு வந்ததுலேருந்து அவர் வாய்க்குப் போற வரைக்கும் என்ன பண்றீங்கனு சொல்லுங்க."

மாமி சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் ஒருவர் தைலம் கேட்டுக் கவுண்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்து மாமியை உள்ளே கூப்பிட்டேன். அங்கே வந்துதான் சொன்னார்.

சென்னையில் இருக்கும் குருக்களின் மச்சினன் மகன் வாட்ஸாப்பில் ஒன்று அனுப்பியிருக்கிறான். கேப்சூலின் ஓடு மாட்டு எலும்பிலும் தோலிலும் செய்வது என்று. வாட்ஸாப்பில் உண்மை வருவது அபூர்வம். அன்றைக்குப் பார்த்து உண்மையாக வந்து தொலைத்தது. பெரும்பாலான கேப்சூல் ஓடு அப்படித்தான் செய்யப்படுகிறது. கருவறைக்குள் நுழைகிறவர் அதை விழுங்குவாரா? மருந்தையும் விட முடியாது. ஆகவே இருவரும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கேப்சூலைத் திருகித் திறந்து, ஓட்டை வீசிவிட்டு, உள்ளே இருக்கும் பொடியைப் பசும்பாலில் கலக்கி ஒரு டம்ளர். பொடி தொண்டையைப் புண்ணாக்கியது. புண் எரிந்ததும் ரோஸ் மருந்து ரெண்டு மூடி. எரிச்சல் ஜாஸ்தியானதும் ரோஸ் மருந்தும் ஜாஸ்தி. டம்ளர் அடியில் தங்கிய பொடியைக் கழுவிக் கொட்டிவிட்டு, "சாப்பிட்டேன்."

அவர் பொய்யே சொல்லவில்லை. கவனித்துக்கொள்ளுங்கள். பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து, ரோஸ் மருந்தில் இருக்கும் அலுமினியம், மெக்னீசியம், சத்து மாத்திரையில் இருக்கும் இரும்பு, இவை எல்லாம் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட மருந்து ரத்தத்தில் சேராமல் வந்த வழியே போய்விடும். இது உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். புத்தகத்தில் அதற்குப் பெயர் மருந்தும் உணவும் ஒன்றையொன்று பாதிப்பது. மாமி கையில் அதற்குப் பெயர் ஒரு டம்ளர் பால்.

அதே டாக்சிசைக்ளின் ஓடில்லாத மாத்திரையாகவும் வருகிறது. என் தலைக்கு மேல் அலமாரியிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, கவுண்டரைப் பக்கத்தில் இருந்தவரிடம் விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினேன். தைலம் கேட்டவர் என்னைத் திட்டியது தெருவின் மறுபுறம் வரை கேட்டது.

டாக்டர் கடிதம் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடப் பேனாவைத் தூக்கியிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவை நானே கேட்டேன், சாப்பிட்டீங்களானு."

"அவரும் சாப்பிட்டேன்னுதான் சார் சொன்னாரு. மருந்து வயித்துக்குப் போயிருக்கு. ரத்தத்துக்குப் போகல."

"உங்க கடையில குடுக்கறப்ப சொல்லலியா?"

"சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொன்னோம் சார். பால்ல கலக்காதீங்கனு சொல்லல. கலக்குவாங்கனு நீங்களும் நினைக்கல, நாங்களும் நினைக்கல."

என்னை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் நடுவில் ஒரு மருந்துக் கடைக்காரி வந்து சொல்வதைக் கேட்க எந்த டாக்டருக்கும் பிடிக்காது. அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். பிறகு கடிதத்தைக் கிழித்துப் போட்டார். கட்டுப்படவில்லை என்ற வரியை எடுத்துவிட்டு, இதுவரை மருந்து சரியாக உள்ளே போகவில்லை, இன்றிலிருந்துதான் தொடங்குகிறோம் என்று எழுதினார். வேலூருக்குப் போன் போட்டும் சொன்னார். "மூச்சு வாங்குது, அதனால அனுப்பத்தான் போறேன். ஆனா முதல் மாத்திரை இங்கயே, என் கண்ணு முன்னாடி" என்று எழுந்தார். கெட்டிக்காரர் என்று சொன்னேனே, அதைக் கேலியாகச் சொன்னேன் என்று நினைத்திருப்பீர்கள். பாதிதான் கேலி.

குருக்கள் தலையணையில் சாய்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. கணீர்க் குரல் இருந்த இடத்தில் ஒரு முனகல்தான் இருந்தது. மாத்திரையை நீட்டினேன். கண்ணைத் திறந்து பார்த்தார்.

"இதுல மாடு இல்லையே?"

இல்லை என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரை கெட்டியாக நிற்பதற்கும் அச்சில் ஒட்டாமல் இருப்பதற்கும் என்னென்னவோ சேர்க்கிறார்கள். அது எதிலிருந்து வருகிறது என்று அட்டையில் போடுவதில்லை. இன்றைக்குப் பொய் சொல்லி விழுங்க வைத்துவிடலாம். நாளைக்கு மச்சினன் மகன் அடுத்த செய்தியை அனுப்புவான். அன்றோடு இந்த மாத்திரையும் நின்றுவிடும், என் வார்த்தையும் செத்துவிடும்.

"ஓடு இல்ல சாமி. அது எனக்கு நல்லாத் தெரியும். மாத்திரை மாவுல என்னென்ன சேத்தாங்கனு எனக்குத் தெரியாது. தெரியாததை இல்லைனு சொல்ல மாட்டேன். ஆனா இது உள்ள போகலைனா என்ன ஆகும்னு தெரியும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே தடுப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் சொன்னது தப்போ, பேசாமல் இல்லை என்றே சொல்லியிருக்கலாமோ என்று அப்போதே யோசித்தேன்.

மாமிதான் முன்னால் வந்தார். என் கையிலிருந்த மாத்திரையை வாங்கினார்.

"எழுந்து உக்காருங்கோ. முழுங்குங்கோ. பாவம் இருந்தா அது என் கணக்குல வரட்டும்."

அவர் மாமியைப் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறந்தார். பால் இல்லை, ரோஸ் மருந்து இல்லை, ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீர். முழுவதும் குடிக்க வைத்தோம். படுக்காமல் உட்கார்ந்தே வண்டியில் போனார். கடைசித் தடுப்பை இழுத்து மூடுவதற்கு முன் வண்டி வெளியேறியது.

அடுத்த இரண்டு நாளும் எனக்குப் பயம். டாக்டரின் புது முடிவு சரியாக இருந்து, நான் ஓடிப்போய்க் குட்டையைக் குழப்பியிருந்தால்? கடையில் போன் அடிக்கும்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்தேன். இரண்டாம் நாள் மாலை மாமி கூப்பிட்டார். "ஜுரம் விட்டுடுத்தும்மா. இட்லி கேக்கறார்" என்றார். நான் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அட்டைப் பெட்டிகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

மலையில் தீபம் ஏற்றியதை அவர் வேலூரில் வார்டு டிவியில் பார்த்தார். கோயிலில் பூஜை செய்யும் உரிமை குடும்பங்களுக்குள் சுற்றி வரும், அதை முறை என்பார்கள். அந்தத் தீபத்துக்கு அவருடைய முறை. வருஷக்கணக்கில் காத்திருந்து வந்தது, அவர் இல்லாமலே முடிந்துவிட்டது.

கூட்டமெல்லாம் வடிந்து ஊர் பழையபடி ஆன பிறகு ஒரு முற்பகலில் கடைக்கு வந்தார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தார். இன்னும் சில நாளைக்கு மாத்திரையைத் தொடரச் சொல்லியிருந்தார்கள், அதை வாங்க வந்திருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

"முறை போயிடுத்து" என்றார்.

"உசுரு இருக்கே சாமி."

"இருக்கு."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஓடு வேணாம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா அன்னிக்கே மாத்திரையா குடுத்திருப்போமே. டாக்டர்கிட்ட இல்ல, என்கிட்டயாவது கேட்டிருக்கலாம்ல?"

குருக்கள் கையிலிருந்த பையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நான் பொறந்ததுலேருந்து எல்லாரும் எங்காத்துக்கு வந்துதான் கேப்பா. எந்த எண்ணெய் ஊத்தறது, எப்படிச் சுத்தறது, தீட்டு எப்ப கழியும், எல்லாம். நான் சொல்லித்தான் பழக்கம்மா. ஒருத்தர்கிட்ட போய் நின்னு, எனக்குத் தெரியலை, எப்படிப் பண்றதுனு கேட்டுப் பழக்கமே இல்லை."

நாக்கு நுனியில் ஒரு கேலி தயாராக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். மாத்திரை அட்டையை அவர் முன்னால் வைத்தேன். பின்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள், அதில் இரண்டு பேர் அவருடைய தெருக்காரர்கள். அவர் அட்டையைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு கணீரென்று, கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"இதை எப்படிச் சாப்பிடணும்? எனக்கு ராத்திரி பால் இல்லாம தூக்கம் வராது. அதை எப்ப குடிக்கறது? சொல்லு."

தெருக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பார்வை என்மேலேயே இருந்தது.

"தயிர், மோர் தொடாம சாப்பாட்டோட போட்டுக்குங்க சாமி. பெரிய டம்ளர் நிறையத் தண்ணி. போட்டதும் படுக்காதீங்க, கொஞ்ச நேரம் உக்காந்திருங்க. பால் ரெண்டு மணி நேரம் கழிச்சு. ரோஸ் மருந்து வேணவே வேணாம். குடுத்ததை முழுசா முடிச்சுடுங்க, நடுவுல நிறுத்தாதீங்க."

அவர் கண்ணை மூடி அத்தனையையும் ஒரு வார்த்தை பிசகாமல் எனக்குத் திருப்பிச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "சரியா?" என்று கேட்டார்.